நிலக்கோட்டைக்கு வந்த கடல் ஏஞ்சல்

திண்டுக்கல்லில் வண்ணமீன் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. மீன் வாங்க வருகிறவர்கள் பொதுவாகச் சாதுவானவர்கள். தொட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், எதையாவது வாங்குவார்கள், போய்விடுவார்கள். மீன் செத்துப்போனால் வந்து சண்டை போடுவார்கள். அதுவும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மாசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஒரே ஆளோடு மல்லுக்கட்டியது அந்த ஒரு தடவைதான். அவர் நிலக்கோட்டைப் பூ வியாபாரி.

முதலில் போன்தான் வந்தது. "ஏஞ்சல் ரெண்டு வேணும்மா. நல்லதாப் பாத்து நம்ம வேன் டிரைவர்ட்ட குடுத்து விடு" என்றார். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல், நீளத் துடுப்போடு நன்றாக வளர்ந்த ஜோடி ஒன்று என்னிடம் இருந்தது. ஆக்சிஜன் அடித்துக் கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அறுபது வயதுக்காரர் ஒருவர் கடைக்குள் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் செல்போன், உடம்பெல்லாம் மல்லிகை வாசம். கையில் நான் அனுப்பிய அதே ஜோடி, பிளாஸ்டிக் பையில் நீந்திக்கொண்டிருந்தது.

"இது ஏஞ்சல் இல்ல" என்றார்.

"ஏஞ்சல்தாண்ணே."

அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள் வரிவரியாக ஓட, கண்ணுக்குக் கறுப்பு முகமூடி கட்டிய மாதிரி ஒரு மீன். கையகலம் இருக்கும். "இதுதான் ஏஞ்சல். சென்னையில கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன். நீ குடுத்தது வேற என்னமோ."

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரனைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. துடுப்பை விரித்தால் சிறகு மாதிரி இருக்கிறதென்று ஆற்று மீன் ஒன்றுக்கு ஏஞ்சல் என்று பெயர் வைத்தார்கள். கடலில் கிடந்த வேறொரு கூட்டத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தேவதூதர்களான சம்மனசுகளில் ஒன்பது வகை உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். அவற்றுக்காவது தனித்தனிப் பெயர் இருக்கிறது.

"அண்ணே, பேர்தான் ஒண்ணு. ரெண்டும் ஒட்டு உறவு இல்லாத மீனு. நீங்க காட்டுறது கடல் ஏஞ்சல். நான் குடுத்தது ஆத்து ஏஞ்சல். இது அமேசான் ஆத்துப் பக்கத்துச் சாதி. நம்ம கம்மாயில ஜிலேபிக் கெண்டை இருக்குல்ல, அதுக்குப் பங்காளி."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"ஜிலேபியா?" அவர் முகம் சுருங்கியது. "எங்க கம்மாயில சும்மா கெடக்குமே, அதுக்குப் பங்காளியவா என் வீட்டு ஹால்ல விடச் சொல்ற? எனக்கு அந்தக் கடல் மீனக் குடு. தொட்டியெல்லாம் இருக்கு. எங்க தெரு போர் தண்ணியும் உப்புத்தான். வாயில வைக்க முடியாது."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சோப்பு நுரைக்காத தண்ணீர் எல்லாமே உப்புத் தண்ணீர்தான். அது பாறைச் சுண்ணாம்பு ஊறிய தண்ணீர், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். விளக்க ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் விலங்கியல் படித்தவள். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கினேன். ஆற்று மீனின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் தானாக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். அது குடிக்கவே தேவையில்லை, நாள் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தால் போதும். கடல் மீனுக்கு அப்படியே தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீரைக் கடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது விடாமல் கடலைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளவேண்டும்.

"ஊறுகாய்க்கு மாங்காயை வெட்டி உப்புப் போட்டா தண்ணி விடுதுல்ல? ஆத்து மீனக் கடல் தண்ணியில போட்டா அந்தக் கதிதான். கடல் மீன நல்ல தண்ணியில போட்டா ஊதிச் செத்துப்போகும்."

எங்கள் கோயிலில் கடைசி பெஞ்சுக்காரர்கள் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவது போல அவர் கடைசி வரை தலையாட்டினார். பிறகு கேட்டார்: "சரி. அந்த மீனு எப்ப வரும்?"

நான் கடல் மீன் விற்பதில்லை என்றேன். கோடையில் இந்த ஊர் கொதிக்கிற கொதிப்பில் கடல் மீன் தாங்காது, கரண்ட் போனால் போச்சு, திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்து யாரும் வைத்திருக்கவில்லை என்றேன். "யாரும் வைக்கலையா? அப்ப நான் வைக்கிறேன்" என்று எழுந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவர் மனைவி பேசியது எனக்கே கேட்டது. "அந்த ஜோடியக் குடுத்துட்டு வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள கால் வைக்காதீங்க." அவர் மீன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விட்டது சனி என்று நினைத்தேன். பூ வியாபாரம் காலையிலேயே முடிந்துவிடும் வியாபாரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. விடிகாலையில் மார்க்கெட், ஒன்பது மணிக்கெல்லாம் வேன்கள் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு மனிதருக்கு வேலை கிடையாது. வாரத்தில் மூன்று நாள் பத்து மணி பஸ்ஸில் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். "கடல் மீனு என்னாச்சு தாயி?" பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர், "முடியாதுன்னு தீர்மானமாச் சொல்லு" என்றார். தீர்மானமாகத்தான் சொன்னேன். ஏழு தடவை சொன்னேன். கடைசியில், என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாலாவது பயந்து ஓடுவார் என்று ஒரு தாளில் எழுதினேன். ஆறடித் தொட்டி, கடல் பாறை, பெரிய பம்பு, சென்னையிலிருந்து கடல் உப்புப் பொடி.

"உப்புப் பொடியா? எதுக்கு?"

"நல்ல தண்ணியில கலக்கிக் கடல் தண்ணி ஆக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "தாயி, நம்ம பூ வேன் டெய்லி தூத்துக்குடி போகுது. வரும்போது வெறும் வண்டியாத்தான் வருது. கடலே அங்க கெடக்கு. நீ பொடிய வாங்கிக் கடல் செய்யச் சொல்ற."

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார். நான்காம் நாள் நீலக் கேன்களோடு வேன் என் கடை வாசலில் வந்து நின்றது. மூடியைத் திறந்தேன். டீசல் வாடை. துறைமுகத்துப் பக்கம் கரையோரமாக மொண்டு வந்திருந்தார்கள்.

"இதுல கொசு கூட வளராதுண்ணே."

"கடல்னா கடல்தான?"

"ஆத்துல சாக்கடை கலக்கற எடத்துல குளிப்பீங்களா?"

கோபித்துக்கொண்டு போனார். இதோடு முடிந்தது என்று மறுபடியும் நினைத்தேன். மறு வாரம் புதுக் கேன்கள் வந்தன. ஒரு மீனவரைப் பிடித்து, படகில் ஆழத்துக்குப் போய், அலை தெளிந்த இடத்தில் மொண்டிருக்கிறார்கள். மல்லிகை மூட்டைக்குச் செய்வது போலவே கேன்களுக்கு மேல் ஈரச்சாக்கு போர்த்தி வெயில் படாமல் கொண்டு வந்திருந்தார்கள். உப்பு அளக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தேன். எங்கே நிற்கவேண்டுமோ சரியாக அங்கே நின்றது. அது சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு என்னால் பின்வாங்க முடியவில்லை. நிலக்கோட்டைக்குப் போய், அவர் வாங்கிப் போட்டிருந்த ஆறடித் தொட்டியைப் பொருத்தி, பாறை அடுக்கி, தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். "ஒரு மாசம் இப்படியே ஓடட்டும். நல்ல பாக்டீரியா வளரணும். அப்பத்தான் மீனோட அழுக்கு விஷமாகாது" என்றேன்.

"ஒரு மாசமா? வெறும் தண்ணியவா பாத்துக்கிட்டு இருக்க?"

அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "விருந்தாளி வராத வீட்டுல இலை போட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றார். அந்த வீட்டில் நான் நிம்மதியாகப் பேச முடிந்த ஒரே ஆள் அவர்தான். என் ஆற்று ஏஞ்சல் ஜோடியைச் சிறிய தொட்டியில், அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் வைத்திருந்தார். அவை ஃபில்டர் குழாயில் முட்டை வைத்திருந்தன. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றித் துடுப்பால் விசிறிக்கொண்டு, விரலைக் கிட்டே கொண்டுபோனால் முட்ட வந்தன.

"பாருங்க, ரெண்டும் சேந்து காவல் காக்குதுக" என்றார் அந்த அம்மா. "அந்தக் கடல் மீனும் இப்படித்தான் பாத்துக்குமா?"

"இல்லக்கா. அது பொழுது சாயயில தண்ணிக்கு மேல வந்து முட்டைய விட்டுட்டுப் போயிரும். அலை எங்க கொண்டுபோகுதோ அங்க."

"அதுக்கா இம்புட்டுப் பாடு" என்று அவர் உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு மாதம் எனக்குத் தினம் இரண்டு போன். தாயி, தண்ணி கலங்கியிருக்கு. தாயி, பாறை பழுப்பாகுது. தாயி, தண்ணி தெளிஞ்சிருச்சு, விட்டுரலாமா. சித்திரை வெயில் ஏறியபோது, தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் ஒன்று வாங்கவேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். பூவுக்கு ஐஸ் வைக்கிறவருக்குத் தெரியாத குளிரா? பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மணிக்கு ஒன்று என்று தொட்டியில் மிதக்கவிட்டார். சுற்றிலும் தெர்மோகோல் ஒட்டினார். இது வேலைக்கு ஆகாது என்று திட்டிக்கொண்டே போய் வெப்பமானியைப் பார்த்தேன். காலையில் பார்த்தாலும் மதியம் பார்த்தாலும் ஒரே இடத்தில் நின்றது.

சித்திரைக் கடைசியில் சென்னை வியாபாரியிடமிருந்து மீன் வந்தது. காலையில் பார்சலை எடுத்து, வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி, செம்பட்டியில் இறங்கி மாறி, தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கோட்டை போய்ச் சேர்ந்தேன். தெருவில் நான்கு பேரைக் கூட்டி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு விரல் நீளத்தில் ஒரு மீன். மை போன்ற கருநீலம், அதன்மேல் வெள்ளை வளையங்கள். மஞ்சள் என்பது மருந்துக்கும் கிடையாது.

அவர் போனை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மறுபடியும் வேற மீனு" என்றார்.

"இது அதோட குட்டிண்ணே."

"குட்டின்னா சின்னதா இருக்கும். கலருமா மாறும்? நான் பூக்காரன். மொட்டும் மல்லிதான், பூவும் மல்லிதான்."

கடல் ஏஞ்சலில் பல வகை இப்படித்தான் என்று போனில் படம் படமாக எடுத்துக் காட்டினேன். பெரிய மீன் தன் இடத்துக்குள் தன் நிறத்தில் இன்னொன்று வந்தால் துரத்தும். குட்டிக்கு வேறு சட்டை இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆற்று ஏஞ்சலுக்கு இந்த நாடகம் இல்லை, குட்டியிலேயே அப்பா அம்மா சாயல் வந்துவிடும். பெரிய கடல் மீனைப் பிடித்து வந்தால் புதுத் தொட்டியில் தீனி எடுக்காமல் பட்டினி கிடந்தே போய்விடும், குட்டிதான் பழகும் என்றும் சொன்னேன்.

"எப்ப மாறும்?"

"ரெண்டு வருசம் ஆகும். மூணும் ஆகலாம்."

அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "மக அடுத்த மாசம் வாராளே" என்றார்.

மூன்று மாதமாக அவர் சொல்லாததை அவர் மனைவி சொன்னார். ஒரே மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டு ஹாலில் பெரிய கடல் மீன் தொட்டி. பொங்கலுக்குப் போனபோது சம்பந்தி ஒரு மணி நேரம் தொட்டியைப் பற்றியே பேசிவிட்டு, "இதெல்லாம் உங்க பக்கம் வளர்க்க முடியாது சம்பந்தி. கடல் மீன்" என்றாராம். சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். இவருக்கு அது நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. மகளுக்கு வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வருகிறார்கள். கொண்டுவந்து விட சம்பந்தி வருகிறார்.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொல்லியிருந்தா?"

முன்பே தெரிந்திருந்தால், வேண்டாம் என்று எட்டாவது தடவையும் சொல்லியிருப்பேன். மீன் பையில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்க ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம் ஆகும். அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "போதுமா?" என்றார். வலையை எடுத்து நீட்டினார். நான் தட்டிவிட்டேன்.

"வலை கூடாது. கன்னத்தப் பாருங்க. செவுள் மூடிக்குக் கீழ முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கா? வலையில மாட்டிக்கும். கடல் ஏஞ்சல் எல்லாத்துக்கும் இந்த முள்ளு உண்டு. ஆத்து ஏஞ்சலுக்குக் கெடையாது. சந்தேகமா இருந்தா இத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ம்" என்றார். டப்பாவால் மொண்டு மீனை விட்டேன். பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டு அன்று முழுக்க வெளியே வரவில்லை. கூடி நின்ற நான்கு பேரும் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசியில், சம்பந்தி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"தாயி, மீனு முங்க மாட்டேங்குது."

"என்னது?"

"கீழ போக மாட்டேங்குது. மேலேயே மெதக்குது. வாயப் பொளக்குது."

"குட்டியா?"

"குட்டி நல்லா இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "ஜோடி."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் திடுக்கிடும்படி கத்தினேன். ஆற்று ஏஞ்சல் ஜோடியைக் கடல் தண்ணீரில் விட்டிருக்கிறார். "எடுங்க! உடனே எடுங்க! பழைய தொட்டியில விடுங்க! பேசிக்கிட்டு நிக்காதீங்க!" போனைக் கீழே வைத்தார் போலிருக்கிறது, தண்ணீர் சத்தமும் அந்த அம்மாவின் அழுகையும் கேட்டன. கடையைப் பாதியில் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போனபோது பெண் மீன் தொட்டியின் அடியில் சாய்ந்தபடி செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. ஆண் மீன் ஒரு தட்டில் கிடந்தது. அந்த அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை.

ஒரு வாடிக்கையாளரை, அதுவும் வயதில் மூத்தவரை, அப்படி நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. "எத்தனை தடவை சொன்னேன்? மாங்காய உதாரணம் காட்டிச் சொன்னேன். தலைய ஆட்டுனீங்கல்ல? காது எங்க இருந்துச்சு? பேரு ஒண்ணா இருந்தா ஒண்ணாயிருமா? ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன் மருந்த இன்னொருத்தனுக்குக் குடுப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ சொன்னது தெரியும் தாயி. குட்டி ஒண்ணே ஒண்ணா, அதுவும் ஒளிஞ்சு கெடக்கு. தொட்டி மூளியா இருக்கு. சம்பந்தி வந்து போற வரைக்கும், செத்த நேரந்தான, தாங்கிக்கிறும்னு நெனச்சேன். இன்னைக்கு விட்டுப் பாத்துக்கிருவோம்னு..."

ஒத்திகை பார்த்திருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டே, அரை மணி நேரத்துக்கு இயற்கை கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைத்தவரை என்ன செய்வது? பெண் மீன் அன்று மாலைக்குள் நிமிர்ந்துவிட்டது. அந்த அம்மா செத்த மீனைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தார். கணவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

சம்பந்தி வரும் நாளில் நானும் இருக்கவேண்டும் என்று பூக்காரர் கேட்டார். முடியாது என்றேன். அந்த அம்மா கேட்டதால் போனேன். சம்பந்தி அமைதியான மனிதர். காப்பியைக் குடித்துவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார். குட்டி அன்று பார்த்து வெளியே வந்து பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கே. இது என்ன மீன்?"

"உங்க வீட்டுல இருக்கறதுதான்" என்றார் இவர்.

"இல்லையே. எங்களுது மஞ்சள் கோடு."

"நீங்க பெருசா வாங்கியிருப்பீக. இது குட்டிச் சட்டை. மூணு வருசத்துல மாத்திக்கும். பெரிய மீனு துரத்தாம இருக்கறதுக்கு ஆண்டவன் குடுத்த வேசம். கன்னத்துல முள்ளு தெரியுதா? அதான் அடையாளம். வலையப் போட்றக் கூடாது. கடலக் குடிச்சுக் குடிச்சு, உப்பச் செவுள் வழியா வெளிய தள்ளும். அதே மீன நல்ல தண்ணியில விட்டா ஊதிப்போகும்."

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மூன்று மாதம் நான் தொண்டை வறளச் சொன்னது ஒவ்வொன்றும், என் வாக்கியங்களே, அவர் பிறந்ததிலிருந்து அறிந்தது போல வந்துகொண்டிருந்தன. சம்பந்தி வியப்போடு கேட்டுக்கொண்டார். தங்கள் தொட்டியைக் கம்பெனிக்காரன் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறான், தங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றார். "உங்களுக்கு யார் மெயின்டெயின் பண்றாங்க?"

"நாந்தான். இந்தத் தாயி அப்பப்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும்."

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குப் பொறுமையில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சம்பந்தி ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மறுபடி போன். குரல் இறங்கியிருந்தது. மகளுக்கு அந்தத் தொட்டி வாடை ஆகவில்லை. கடல் பாறையும் பாசியும் சேர்ந்த கவிச்சி. ஏழு மாதக் கர்ப்பிணி, ஹாலுக்கு வந்தாலே குமட்டுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டே நடமாடுகிறாள்.

"அவ மாமனார் வீட்டுலயும் தொட்டி இருந்துச்சேண்ணே?"

"அதக் கேட்டேன். அங்கயும் ஆகாதாம். சொன்னா மாமனார் வருத்தப்படுவாருன்னு ரூமுக்குள்ளயே இருந்திருக்கா. 'எனக்கு மீனே பிடிக்காதுப்பா, யாரு வாங்கச் சொன்னா' ங்கிறா."

நான் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டேன். "இப்ப என்ன செய்யணும்?"

"நீயே எடுத்துட்டுப் போயிரு தாயி."

பதினைந்து வருடமாகக் கடல் மீன் என் கடைக்குள் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் பூ வேனில் ஆறடித் தொட்டி வந்து இறங்கியது. பாறை வந்தது, கேன் கேனாகக் கடல் வந்தது, தெர்மோகோல் பெட்டிக்குள் குட்டி வந்தது. ஐஸ் பாட்டில்கூட ஒரு மூட்டை வந்தது. இடம் பண்ண என் கோல்டு மீன் தொட்டிகள் மூன்றை வீட்டுக்குள் கொண்டுபோனோம். என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு உதவினார். அவர் பேசியிருந்தால் தேவலை.

தொட்டி வந்ததோடு அவரும் வர ஆரம்பித்தார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இல்லை, நான்கு நாள். வந்ததும் வெப்பமானியைப் பார்ப்பார். "பாட்டில மாத்தலையா? நான் மணிக்கொரு தடவை மாத்துவேன்." உப்புக் குழாயைத் தானே எடுத்து விட்டுப் பார்ப்பார். "தண்ணி வத்தியிருக்கு. வத்துனா தண்ணிதான் போகும், உப்பு போகாது. நல்ல தண்ணி ஊத்தணும் தாயி, கடல் தண்ணி ஊத்திராத." இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சரிதான்" என்றார். மறுநாள் மறுபடியும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து வலி. பிரசவ வார்டு வாசலில் இவர் நர்ஸுகளிடம் கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர் மனைவியே, "எங்கயாவது போய்த் தொலைங்க, நானே போன் பண்றேன்" என்று துரத்திவிட்டாராம். துரத்தினால் போவதற்கு அவருக்குத் தெரிந்த இடம் என் கடை.

ஸ்டூலை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பம்பு சத்தம் மாறியிருக்கிறது என்றார். லைட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றார். வந்த வாடிக்கையாளர் ஒருவரிடம், கேட்காமலே, இது ஜிலேபிக்குப் பங்காளி இல்லை என்று ஆரம்பித்தார். மனிதர் பயந்து மீன் தீனி மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டிகளைத் துடைத்தேன்.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. காதில் வைத்தார். "ம்... ம்... சரி... சரி சரி" என்றார். போனைப் பைக்குள் போட்டார். மறுபடியும் மீனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே? யாரு?"

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

"அப்பறம் இங்க என்ன பண்றீங்க? ஓடுங்கண்ணே!"

"போறேன், போறேன். செத்த நேரம்." அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு நேரே குனிந்தார். "இன்னைக்கு யாரு தீனி போட்டது? அடியில மிச்சம் கெடக்கு பாரு. இம்புட்டையா போடுவாங்க?"

அவர் கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஆட்டோவை நிறுத்தி, ஏற்றிவிட்டேன். ஆட்டோ நகர்ந்த பிறகும் தலையை வெளியே நீட்டி, மிச்சத்தை உடனே எடுத்துவிடும்படி சொல்லிக்கொண்டே போனார்.